உத்தரவுத் தண்ணீர்

நிலாத்தள ஆட்டுக்கொட்டில். திங்கள், காலை 6.10

வாங்க மகராசரே. இதை எப்போது கேட்கிறீர்களோ, உடம்பு சௌகரியமா? கஞ்சி குடித்தாயிற்றா? நான் கோட்டைச்சாமி, சிவகங்கைப் பக்கம். இங்கே ஆடு பார்க்கிறேன். நான் பேசினால் இந்தப் பெட்டி பேப்பர்த் தமிழாக மாற்றி எழுதிக்கொள்ளும். ஒலிபெருக்கி வழியாகப் பேசிக்கொள்வதை மட்டும் பேசினபடியே போடும்.

காற்று அழுத்தம் சரி. தண்ணீர் சரி. கெடா மூன்று, சினையாடு ஒன்று. நான்கும் தின்றன. இவற்றைத் தூசி அறையில் விட்டு நிலாத் தூசியை மூச்சில் இழுக்கவைத்து, நெஞ்சு புண்ணானதும் டாக்டர் வசுமதி அம்மா மருந்து ஏற்றுவார். நாளைக்குச் சுரங்கம் தோண்ட வருகிற சனம் பிழைக்க வேண்டுமே, அதற்கான மருந்து. சினையாட்டுக்கு நான் வைத்த பெயர் பொட்டுக்கண்ணி. அதையும் வயிற்றுக்குட்டியையும் மட்டும் தூசி அறைக்கு அனுப்பாமல் காப்பாற்றிவிட்டால் போதும் எனக்கு.

திங்கள், மாலை 5.30

பூமியிலிருந்து செய்தி: "பேச இயலாத எந்த உயிரையும், அதன் இசைவுக் குறி இல்லாமல் சோதனைக்கு உட்படுத்தக் கூடாது."

டாக்டரம்மா ஒலிபெருக்கியில் சிரித்தார். "கேட்டீங்களா அண்ணே? இனி ஆடு சம்மதிக்கணுமாம். கைநாட்டா வைக்கும்?"

நானும் விளையாட்டாகச் சொல்லிவிட்டேன். எங்கள் கோயிலில் வெட்டுக்கு முன்னால் கெடா தலையில் தண்ணீர் தெளிப்போம். உடம்பைச் சிலுப்பினால் சாமி உத்தரவு ஆயிற்று. ஒருமுறை எங்கள் சின்ன மாமனார் நேர்ந்துவிட்ட கெடா அசையவே இல்லை. சோறு வடித்தாயிற்று, மசாலா அரைத்தாயிற்று, சம்பந்தி வீட்டார் இலைக்கு முன்னால் உட்கார்ந்து ஈ ஓட்டுகிறார்கள். அந்தச் சம்பந்தி இருக்கிறாரே, அவர் பசி பொறுக்காத மனுசர், அவர் கதை தனிக் கதை. அதை விடுங்கள்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "இன்னொரு தடவ சொல்லுங்க அண்ணே," என்றார்.

புதன், காலை 9.00

பூமியில் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். இசைவுக் குறி: தண்ணீர், சிலுப்பல். ஊற்றுகிற வேலை எனக்கு.

இங்கே தண்ணீர் அவசரப்படாது, பஞ்சு மாதிரி இறங்கும். கெடாக்கள் அண்ணாந்து பார்த்தன. நான் தின்ன ஏதோ போடுகிறேன் என்று நினைத்திருக்கும். தலையில் பட்டதும் மூன்றும் சிலுப்பின. "சம்மதம், சம்மதம், சம்மதம்," என்று டாக்டரம்மா குரல் வந்தது.

புதன், மதியம் 12.40

தூசி அறையிலிருந்து வந்து மருந்து ஏற்றியதும் மூன்றுக்கும் மூச்சு நன்றாக வந்தது. ஒன்று எழுந்து என் சட்டையைக் கடித்தது. அப்புறம் ஒவ்வொன்றாக இதயம் நின்றுபோனது. கொம்பு இடுக்கில் ஈரம்கூட இன்னும் காயவில்லை.

வியாழன், காலை 7.15

மருந்தைப் பாதியாகக் குறைத்திருக்கிறார்கள். அடுத்தது பொட்டுக்கண்ணி. ஊற்றினேன். கல் மாதிரி நின்றது. மறுபடி ஊற்றினேன். காதுகூட ஆடவில்லை.

"ஊர்ல ஆடு சிலுப்பலன்னா என்னண்ணே பண்ணுவீங்க?"

"விட்டுருவோம்மா. சாமிக்கு வேணாம்னு அர்த்தம்."

பொய், மகராசரே. எங்கே விட்டோம்? அன்றைக்குச் சம்பந்தி கத்தின கத்தலில் பூசாரி கெடாவின் காதுக்குள் சொம்பைக் கவிழ்த்தார். காதுக்குள் தண்ணீர் போனால் எந்த ஆடும் தலையை உதறும். உத்தரவு வந்துவிட்டது என்று எல்லாரும் குலவை போட்டோம். கறி நன்றாக இருந்தது.

சனி, மதியம்

வெளிக்கதவு ரப்பர் கிழிந்து தூசி உள்ளே வந்துவிட்டது. அடைக்கப் போன மெக்கானிக் லூர்துவின் நெஞ்சு நிறையத் தூசி. தேவகோட்டைப் பையன், என்னைச் சித்தப்பு என்பான். நான் சமைத்தால், ஆட்டுக்கு வைத்ததை எனக்கு மாற்றி வைத்துவிட்டீரா என்று கேட்பான்.

ஒலிபெருக்கியில் இருமலுக்கு நடுவே அவன் குரல்: "சித்தப்பு, அந்த ஊசிய எனக்குப் போட விட்ராத. மூணும் செத்தத நாந்தான அள்ளிப் போட்டேன். மொதல்ல ஆட்டுக்குப் போட்டுப் பாக்கச் சொல்லு. அது பொழச்சா எனக்குப் போடட்டும்."

"அது சம்மதிக்கலயேடா."

"யோவ், உங்க ஊருல வேற வழி இல்லாமலா இருக்கும்? சாமி பொறுத்தாலும் நீங்க பொறுப்பீங்களா?"

பொட்டுக்கண்ணி வயிற்றில் கை வைத்தேன். குட்டி உதைத்தது.

ஞாயிறு. நேரம் பார்க்கவில்லை

காற்று குறைகிறது. விளக்கு பாதிதான். லூர்துவுக்குப் பேச்சு நின்றுவிட்டது. காய்ச்சலில் உடம்பு தூக்கித் தூக்கிப் போடுகிறது.

டாக்டரம்மா விதியை எனக்கு மறுபடி படித்துக் காட்டினார். பேச இயலாத எந்த உயிரையும். "ஆடுன்னு போடலண்ணே, உயிருன்னுதான் போட்ருக்கு. லூர்துவும் இப்பப் பேச முடியாத உயிர்தான? சொம்பக் கொண்டாங்க."

"அவன் வேணாம்னு சொன்னாம்மா. என் காதால கேட்டேன்."

"அது பேச்சு இருந்தப்ப சொன்னது. இனி குறிதான் கணக்கு. இல்லாட்டி ஆட்ட சம்மதிக்க வைங்க. உங்களால முடியுமா?"

முடியும். காது என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஊசி முதலில் ஆட்டுக்குப் போகும், லூர்துவுக்கு ஒருநாள் தவணை கிடைக்கும். வாயைத் திறக்கிறேன், மகராசரே, சம்பந்தி கதைதான் வருகிறது. அந்த மனுசர் இலையில் எலும்பை மட்டும் தனியாக ஒதுக்கி, அதில்

"அண்ணே! ஓடியாங்க! லூர்து சிலுப்பிட்டான், பாத்தேன். சம்மதம். ஊசி ஏத்தறேன், வந்து காலப் புடிங்க!"

"இருங்கம்மா, வந்துட்டேன்." சொம்பு என் கையில்தான் இருக்கிறது, மகராசரே, நான் இன்னும் ஒரு சொட்டுக்கூட அவன் மேல்