மதில்மேல் வைத்த வடை

அன்புள்ள எஸ்தர் அக்கா,

உங்கள் கொய்யா மரத்தை வெட்டச் சொன்ன கூட்டத்தில் இருந்தவர்கள்: செக்ரட்டரி சார், அவர் மனைவி, பால்காரர் கோவிந்தன், கைக்குழந்தையோடு விமலா, நீங்கள், நான். குழந்தையையும் சேர்த்தால் ஏழு பேர். அதில் உண்மை தெரிந்தும் வாய் திறக்காதவள் நான் ஒருத்திதான்.

முந்தின நாள் குழந்தையின் பிஸ்கட்டைக் குரங்கு பிடுங்கியதில் கையில் நகம் கீறிவிட்டது. காலனியில் பழமரம் உள்ள வீடு உங்களுடையது மட்டும்தானே.

"இன்னா டீச்சரம்மா, கொய்யா மரமா, கொரங்குக்கு ஓட்டலா?" என்றார் கோவிந்தன்.

"ஓட்டல்தாம்பா. ஆனா நான் வடை போடறதில்லையே! மதில் மேல எண்ணெய்க் கறை எப்படி வந்துச்சுன்னுதான் புரியல" என்று சிரித்தீர்கள். சொல்லிவிட்டு என் பக்கம் பார்த்தீர்களே, தெரிந்துதான் பார்த்தீர்களா?

"சிரிக்கிற விஷயம் இல்லீங்க. மரத்தை எடுங்க, இல்லேன்னா கூண்டு வெச்சுப் புடிக்கச் சொல்லிடறேன்" என்றார் செக்ரட்டரி.

"குட்டியோட இருக்கு சார். கூண்டு வேணாம். மரத்தையே எடுத்துடறேன்."

வடை வைத்தது நான், அக்கா. பெரியவளுக்கு டைபாய்டு வந்தபோது ஆஞ்சநேயருக்கு நாற்பத்தெட்டு சனிக்கிழமை வடை படைப்பதாக வேண்டிக்கொண்டேன். முதல் வாரம் கும்பிட்டு நிமிர்ந்தால் ஜன்னலில் ஒரு குரங்கு. அவரே வந்துவிட்டார் என்று நினைத்தேன்.

"நம்ம சாப்பாட்டு ருசி காட்டாதீங்கம்மா, இலையும் பழமும் தின்னுட்டு அது பாட்டுக்குப் போயிடும்" என்று நீங்கள் வீடு வீடாகச் சொன்னபோது முதலில் தலையாட்டியவள் நான். ஆனாலும் சனிக்கிழமைதோறும் நம் இரு வீட்டுக்கும் நடுவிலுள்ள மதிலில் வைத்தேன். அதுவும் உங்கள் பக்கமாகத் தள்ளி. என் மொட்டைமாடியில் வடாம் காய்ந்துகொண்டிருந்தது. சாமி காரியத்திலும் எனக்கு அந்தக் கெட்டிக்காரத்தனம்.

மரம் விழுந்த பிறகும் பாக்கிச் சனிக்கிழமைகளை முடித்தேன். அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

நெஞ்சுவலியில் நீங்கள் படுத்திருந்த பத்து நாளும் கஞ்சி கொண்டு வந்தேன். பத்தாம் நாள், "என்னமோ சொல்ல வர்றே, சொல்லேன் ராஜம்" என்றீர்கள். உப்பு போதுமா என்று கேட்டேன். மறுநாள் உங்களைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள்.

இங்கே இப்போது வடையும் இல்லை, கொய்யாவும் இல்லை. குரங்குகள் டிவி ஆன்டெனாவை ஆட்டிவிட்டு நேராக அடுக்களைக்கே வருகின்றன. போன சனிக்கிழமை தாய்க்குரங்கு குட்டியை வயிற்றோடு அணைத்தபடி மதிலில் வெயில் ஏறும்வரை உட்கார்ந்திருந்தது. நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டேன். "டீச்சர் பழக்கிவிட்டுப் போன குரங்கு" என்றுதான் இன்னமும் பேச்சு. கூண்டுக்காரரை வரவழைக்க ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டிருக்கிறார்கள்.

எழுந்து சொல்லப் போகிறேன். பழக்கியது டீச்சர் இல்லை, நான் என்று. ஜன்னலுக்கெல்லாம் வலை அடிப்போம், குப்பைத் தொட்டியை மூடி வைப்போம், யாரும் எதுவும் கொடுக்காமல் இரண்டு மாதம் பொறுத்துப் பார்ப்போம், கூண்டு வேண்டாம் என்று கேட்பேன். சத்தியமாகச் செய்வேன். விமலாவின் குழந்தையை எதிரில் வைத்துக்கொண்டு எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை. முதல் வார்த்தையை மட்டும் நீங்கள் சொல்லுங்கள். கூட்டம் காலை பத்து மணிக்கு. அதற்குள் பதில் வேண்டும், அக்கா.

உங்கள் கூடப்பிறக்காத தங்கை,
ராஜம்
கிழக்குத் தாம்பரம்