மங்குஸ்தான் தோல் தண்ணீர்

ஜூலை 7, திங்கள்
காலையில் மழை. ஆய்வுக்கூடத்தில் நாள் முழுக்க மங்குஸ்தான் தோல் வெட்டும் வேலை. நகமெல்லாம் ஊதா. எங்களுக்குத் தோல்தான் வேணும், சுளையெல்லாம் வயிற்றுக்குள். இப்போ வயிறு சரியில்லை.

ஈரானிலிருந்து வந்திருக்கும் மாணவியிடம், பழத்துக்குள் எத்தனை சுளை என்று காபி பந்தயம். பழத்தின் அடியில் பூ மாதிரி அச்சு. எத்தனை இதழோ, உள்ளே அத்தனை சுளை. பாவம், அவளுக்குத் தெரியாது. அக்கா இதே வித்தையில் என்னை எத்தனை வருஷம் பாத்திரம் கழுவ வைத்தாள்! ஒருநாளும் தோற்றதில்லை, கள்ளி.

தோல் சாறு விட்ட தட்டில் புற்றுநோய்ச் செல்கள் இந்தத் தடவையும் மெதுவாகத்தான் வளர்கின்றன. சந்தோஷம். தட்டில்தான், உடம்பில் இல்லை. போன மாதம் ரேடியோவிலும் அதைத்தான் சொன்னேன்.

ஜூலை 9, புதன்
வேலை முடிந்து கெப்பாலா பத்தாஸில் அக்கா வீடு. கடல் பாலத்தில் ஜாம். அடுப்பில் பெரிய சட்டி, சிவப்பாக ஏதோ கொதிக்கிறது.

"என்னக்கா இது?"

"உன் மருந்துதான்டி. மங்குஸ்தான் தோலு. நீதான்லா ரேடியோவுல சொன்ன, கேன்சருக்கு நல்லதுன்னு."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்து இடது மார்பின் ஓரத்தில் வைத்தாள். கட்டி. ஐயோ சாமி.

ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்க்கணும் என்று டாக்டர் சொல்லியாச்சு. இவள் போகவில்லை. "குத்துனா பரவிடும்லா. இதைக் குடிச்சுப் பாக்குறேன்."

"பரவாதுக்கா! நாங்க இதை இன்னும் எலிக்குக்கூடக் குடுக்கல!"

கத்தினேன். அவளும் கத்தினாள். சாப்பிடாமல் கிளம்பிவிட்டேன். பாலம் முழுக்க அழுகை.

ஜூலை 10, வியாழன்
வெயில். வேலையே ஓடவில்லை. தட்டுகளைப் பார்க்கவே எரிச்சல்.

ஆஸ்பத்திரியில் ஊசிச் சோதனைக்கு நாளைக்கு இடம் கிடைத்தது. அக்காவுக்கு வாட்ஸ்அப்: 'காலைல வர்றேன், ரெடியா இரு.' பார்த்துவிட்டாள்.

வாங்க வேண்டியது: மிளகாய்த்தூள், பல்பு, சூலியா தெருவில் மங்குஸ்தான் ஒரு கிலோ (அக்காவுக்கு. தின்ன மட்டும்).

ஜூலை 11, வெள்ளி
மேகமூட்டம். லீவு. அக்கா வாசலிலேயே நின்றாள், நல்ல சேலை கட்டி. காடியில் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரி வந்ததும் இறங்க மாட்டேன் என்கிறாள். கெஞ்சினேன், திட்டினேன். ம்ஹூம்.

கடைசியில், "பயமா இருக்குடி."

"எனக்கும்தான்க்கா."

வேறு வழி தெரியவில்லை. பையிலிருந்து ஒரு மங்குஸ்தானை எடுத்து நீட்டினேன். "எத்தனை சுளை? தப்பாச் சொன்னா உள்ள வரணும்." சொன்ன பிறகுதான் உறைத்தது. இவளா தப்பாச் சொல்லுவாள்?

பழத்தைத் திருப்பினாள். அடியில் இருந்த இதழ்களை விரலால் ஒவ்வொன்றாகத் தடவினாள். எனக்கே தெரிந்தது, ஆறு.

"எட்டு," என்றாள்.

பிளந்தேன். ஆறு.

"தோத்துட்டேன்லா," என்று கதவைத் திறந்தாள்.