காரணம் எழுதும் கட்டம்

1-8-1988, திங்கள்

காலையிலேயே மழை. கம்பெனி பஸ் கிள்ளான் பாலத்தில் அரை மணி நேரம் நின்றது. குடையை மறந்து போனேன்.

வேலை தொடங்குமுன் எல்லாரையும் நிற்க வைத்துக் கூட்டம். அரசாங்கம் சட்டத்தைத் தளர்த்திவிட்டதால் எங்கள் கையுறை ஃபேக்டரி இப்போது முழுக்க வெளிநாட்டு முதலாளி கையில். இனி நாங்களும் ஜப்பான்காரன் மாதிரி உழைக்க வேண்டுமாம். உற்பத்தித் திறன், உற்பத்தித் திறன் என்று மேனேஜர் எட்டுத் தடவை சொன்னார். வேலையில்லாமல் எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஆளுக்கொரு ஃபாரம். நல்ல ஆலோசனைக்குப் பரிசாம். இரண்டு கட்டம்: ஆலோசனை, காரணம்.

நான் எழுதியது: கையுறையில் ஓட்டை பார்த்து முடித்ததும் கூடையைத் தூக்கிக்கொண்டு சுவரோரத் தராசுக்கு நடக்கிறோம். தராசை மேசைகளுக்கு நடுவில் வைக்கலாம். காரணம்: செலின் அக்காவுக்கு முழங்கால் வலி. நடக்க முடியவில்லை.

ஒன்பது வருஷமாக என் பக்கத்து நாற்காலி. நொண்டுவதை யாருக்கும் காட்டிக்கொள்ள மாட்டார். எனக்குத் தெரியாதா.

4-8, வியாழன்

தராசு நடுவுக்கு வந்துவிட்டது. செ. அக்கா இன்று முழுக்க எழுந்திருக்கவே இல்லை. யார் சொன்னார்களோ அவர்கள் நல்லா இருக்கட்டும் என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. பரிசு வந்தால் தானே தெரியட்டும் என்று இருந்தேன். பெருமைதான், வேறென்ன.

சூப்பர்வைசர் தேவராஜ் நாள் முழுக்க ஸ்டாப்வாட்ச்சோடு எங்கள் பின்னால்.

வாங்க: பச்சை மிளகாய், சின்னவனுக்கு வெள்ளை சாக்ஸ்.

12-8, வெள்ளி

எனக்குச் சுவர்க்கடிகாரம் பரிசு. மேனேஜரோடு போட்டோ. செ. அக்காதான் பலமாகக் கைதட்டினார். நீதானா அது என்று தோளில் ஒரு தட்டு.

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, புது டார்கெட் ஒட்டிவிட்டார்கள். நடக்கிற நேரம் மிச்சமாம். அந்த நேரத்துக்கும் கையுறை வேண்டுமாம். அந்த நடைதானே எங்களுக்கு முதுகை நிமிர்த்தக் கிடைத்த நேரம். எழுதும்போது எனக்கு ஏன் உறைக்கவில்லை? கழுதை நான்.

16-8, செவ்வாய்

பன்னிரண்டு பேர் வேலையைப் பத்துப் பேரே செய்துவிடலாமாம். இரண்டு பேர் அதிகப்படி. ஒருத்தி, போன மாதம் சேர்ந்த பெண். இன்னொருவர் செ. அக்கா.

டிபன் பெட்டி, குடை, மேசைக்கடியில் கிடந்த செருப்பு. ஒன்பது வருஷமும் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் அடங்கிவிட்டது.

தேவராஜ் அறைக்குப் போய்ச் சத்தம் போட்டேன். நேற்று வந்தவளையும் அவரையும் எப்படி ஒன்றாகச் சேர்த்தீர்கள் என்று கேட்டேன். அவன் ஃபைலைத் திறந்து என் ஃபாரத்தை எடுத்துப் போட்டான். காரணம் என்ற கட்டத்துக்கடியில் சிவப்புக் கோடு.

"நீங்கதானே எழுதிக் கொடுத்தீங்க, அக்கா. இல்லாட்டி அவங்களுக்குக் கால் முடியாதுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும் லா?"

என் கையெழுத்து. அடித்தல் திருத்தல் இல்லாமல் அழகாக எழுதியிருக்கிறேன். அவனை அறையலாம் போல இருந்தது. என்னை யார் அறைவது?

வீட்டுக்கு வந்து பரிசுக் கடிகாரத்தைச் சுவரிலிருந்து கழற்றினேன். ஏன் என்று இவர் கேட்டார். மணி தெரியாவிட்டால் குடியா முழுகிவிடும் என்று கத்தினேன். பாவம் மனுஷன், பயந்துபோனார்.

21-8, ஞாயிறு

நல்ல வெயில். சர்ச் வாசலில் காத்திருந்து செ. அக்காவைப் பிடித்தேன். நாளை முதல் ஒரு அடுக்குமாடியில் படிக்கட்டு துடைக்கிற வேலையாம். நான்கு மாடி. லிஃப்ட் கிடையாது.

ஃபாரத்தில் என்ன எழுதினேன் என்பதைச் சொல்லிவிட்டேன். நாலு பேர் முன்னால் திட்டட்டும் என்றுதான் நின்றேன். கைப்பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"ஒன்பது வருஷத்துல எனக்கு வலிக்குதுன்னு பார்த்தது நீ ஒருத்திதான், விமலா."

இதற்குத் திட்டியிருக்கலாம். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்து வந்தேன்.

26-8, வெள்ளி

மறுபடி மழை. காலை வானொலிச் செய்தி: சீர்திருத்தங்களின் பலனாக நாட்டின் உற்பத்தித் திறன் உயர்கிறதாம். தொழிலாளர் ஒத்துழைப்புக்கு நன்றியாம். உங்கள் நன்றியைக் கொண்டுபோய்க் குப்பையில் கொட்டுங்கள். அந்த உயர்வை நாலு மாடி ஏறி ஒருத்தர் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

இன்று இரண்டாம் சுற்று ஃபாரம். பேர், நம்பர் கட்டாயம். நம்ம லைன் பேரைக் காப்பாற்றச் சொல்லி தேவராஜ் தனியாக வந்து கெஞ்சினான்.

எனக்கு இன்னொரு வழி தெரியும். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் இரண்டு கையுறை பார்க்கலாம். சாப்பாட்டு நேரத்தில் செய்து பார்த்தேன், நன்றாக வருகிறது. வெளியே சொன்னால் இன்னும் மூன்று பேர் வீட்டுக்குப் போவார்கள். சாகிறவரை சொல்ல மாட்டேன்.

பேர் எழுதினேன், நம்பர் எழுதினேன். ஆலோசனைக் கட்டத்தில் ஒன்றுமில்லை. காரணம் என்ற கட்டத்தில் மட்டும் எழுதி, தேவராஜ் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெட்டிக்குள் போட்டேன்: செலின் அக்கா.