மூலையில் இருந்த சுழி

நவ. 3, 1994. வியாழன்.

காலையிலிருந்து தூறல். எங்கள் கணபதிப் பகுதி முழுக்கச் சேறு. அச்சகக் கூரை ஒழுகிக் காகிதக் கட்டு நனைந்தது.

நம் இதழ் வந்துவிட்டது. முதல் பக்கத்தில் அந்த அறிக்கையின் படம். சாயப்பட்டறைக் கழிவு ஆற்றோரக் கிணறுகளில் இறங்கிவிட்டது, குடிக்க ஆகாது என்று அரசாங்கமே சோதித்து எழுதி, அமுக்கி வைத்திருந்த அறிக்கை. மதியத்துக்குள் பேருந்து நிலையக் கடையில் தீர்ந்துவிட்டது. தலைகால் புரியவில்லை எனக்கு.

வீட்டில் சரோஜா மட்டும், "யாரு குடுத்ததுன்னு தெரிஞ்சா அவிங்க கதி என்னாகறதுங்க?" என்றாள். எப்படித் தெரியும்? பேர் எங்கேயும் இல்லையே.

நவ. 5. சனி.

வெயில். வாங்க வேண்டியது: மை, எந்திரம் துடைக்கக் கழிவுத் துணி, சரோஜாவுக்கு இருமல் மருந்து.

சரோஜாவின் அண்ணன் வந்தார். சாயப்பட்டறை வைத்திருப்பவர். உட்காரவில்லை. "ஏனுங்க மாப்ள, நம்ம சனத்து வயித்துலயே அடிச்சுப்போட்டீங்களே." காப்பி ஆறிப்போய்க் கிடந்தது.

மாலையில் ஆற்றோர ஊர்க்காரர் ஒருவர். சொம்பில் கிணற்றுத் தண்ணீர். "எங்க புள்ளைக இதத்தானுங்க குடிச்சுட்டு இருக்குது." லேசான சிவப்பு. சொம்பு இன்னும் மேசைமேல். கொட்ட மனம் வரவில்லை.

நவ. 8. செவ்வாய்.

அறிக்கை எழுதிய அரசு அலுவலகத்தில் தெரிந்தவர் ஒருவர் போன் செய்தார். விசாரணையாம். அதிகாரி நம் இதழைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாராம். படத்தில் தாளின் மூலையில் ஒரு பிள்ளையார் சுழி, அதன் கீழே குட்டியாக ஒரு வேல்.

அறிக்கையைத் தட்டச்சு செய்த வசந்தாமணிதான் எனக்குக் கொடுத்தவர். முருகன் கோயில் இருக்கும் சென்னிமலைக்காரர். மேலிடத்துக்குப் போகும் தாளில் எதுவும் போட மாட்டாராம். அலுவலகத்தில் அவர் பொறுப்பில் தங்கும் கார்பன் காப்பியில் மட்டும், தாளுக்குத் தாள், சுழியும் வேலும் போட்டுவிட்டுத்தான் தட்டவே தொடங்குவாராம். எனக்கு வந்ததும் அந்தக் காப்பிதான். அங்கே எல்லோருக்கும் தெரிந்த பழக்கம். எனக்குத்தான் தெரியாது.

படங்களை அச்சுக்குத் தகடாக, பிளாக் செய்யும் மயில்சாமி, வேலையை எடுத்த அன்றைக்கே கேட்டார். "மூலைல என்னமோ கெடக்குதுங்கண்ணா, அழிச்சுப்போடட்டுங்களா?"

"பிள்ளையார் சுழியப் போயி யாராச்சும் அழிப்பாங்களாப்பா?" சிரித்துக்கொண்டே சொன்னேன்.

நவ. 9. புதன்.

எதைப் பார்த்தாலும் சுழி. மளிகைச் சீட்டில், கல்யாணப் பத்திரிகையில். தோசைமேல் சரோஜா சுற்றி ஊற்றிய எண்ணெயில்கூட. பாதியில் எழுந்துவிட்டேன். போன் அடித்தால் எடுப்பதில்லை.

நவ. 11. வெள்ளி.

நல்ல மழை. வசந்தாமணி நனைந்துகொண்டே வந்தார். சஸ்பெண்ட் ஆகிவிட்டது.

தட்டச்சர்கள் எல்லோரையும் உட்காரவைத்து, கார்பன் வைத்து ஒரு பக்கம் அடிக்கச் சொன்னாராம் அதிகாரி. எதற்கென்று எல்லோருக்கும் தெரியும். இவருக்கும்தான்.

"அன்னைக்கு ஒரு நாள் போடாம உட்டிருக்கலாமேம்மா?"

"போடாம எப்படிங்கண்ணா ஆரம்பிக்கறது? போட்டுப்போட்டேன்."

மயில்சாமி கேட்டதையும் நான் சொன்னதையும் அவரிடம் சொன்னேன். "பின்ன, அழிக்கவா சொல்லுவீங்க?" என்றார். திட்டியிருந்தால் தேவலை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

கிளம்பும்போது அறிக்கையின் அடுத்த பக்கத்தைக் கொடுத்தார். எந்தெந்தப் பட்டறை என்று பேர் பேராக இருந்தது. மச்சானுடைய பட்டறையும் இருந்தது. "இதையும் போட்டிருங்கண்ணா. மூலைல இருக்கறதையும் அழிக்காதீங்க. இனி எனக்கென்னங்க."

நவ. 12. சனி.

மழை விட்டிருக்கிறது. சொம்பின் அடியில் செந்நிற வண்டல்.

பேர்களைச் சரோஜாவிடம் காட்டினேன். அண்ணன் பேரில் விரலை வைத்தாள். "மத்தவிங்க பேரப் போட்டுப்போட்டு இத மட்டும் எப்படிங்க உடறது?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பத்து மணிக்கு மயில்சாமி வந்தார். தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதுலயும் அதே சுழி இருக்குதுங்கண்ணா. அழிச்சுப்போடட்டுங்களா?"

வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டும். இடமும் வலமுமாகத் தலையை மட்டும் ஆட்டினேன்.