ஜெபக் குறிப்பில் எழுதிய நோய்

ராசா,

சோறு மூடி வைத்திருக்கிறேன், சுடவைத்துச் சாப்பிடு. நாலு மணிக்குப் போதகர் வருவதாக இருந்தது, நான்தான் கூப்பிட்டேன். நீ ஒரு பையனை விரும்புவதைச் சபையில் சொல்ல வாய் வராமல், ஜெபக் குறிப்பில் "மகனுக்குச் சுகமில்லை" என்று எழுதிப் போட்டேன். இப்போது ஆளாளுக்கு, "காய்ச்சல் விட்டுச்சா?" என்று கேட்கிறார்கள்.

நேற்று "பாவம்னு வேதத்துலயே இருக்குடா" என்று கத்தினேன். நீ பெட்டி கட்டிவிட்டாய். அந்த வசனத்துக்கு இன்றும் எனக்குப் பதில் தெரியாது. ஆனால் உன்னை மாற்றச் சொல்லி முப்பது நாள் ஜெபித்தவளுக்கு, இன்று காலை முழங்காலில் நின்றபோது, "அவன் போயிடக் கூடாது ஆண்டவரே" என்பது மட்டும்தான் வந்தது.

அவர் இங்கே வர வேண்டாம், நானே போதகர் வீட்டுக்குப் போகிறேன். என் பிள்ளைக்கு நோய் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வருகிறேன்.

அம்மா

பி.கு.: பெட்டிச் சாவி என்னிடம்தான் இருக்கிறது. கேட்டால் கொடுத்துவிடுவேன். கேட்காதே.