பலகையில் இருந்த பெயர்கள்

என் ஆசை அந்தோணி அண்ணாவுக்கு,

கல்லறைத் திருநாளுக்கு விழுப்புரம் போய் உனக்கு மாலை போட்டுவிட்டு இப்போதுதான் திண்டிவனம் வந்து சேர்ந்தேன். உன் தலைமாட்டில் நின்றபோது வாயில் செபம் வரவில்லை, சண்டைதான் வந்தது. சுற்றிலும் ஜனம் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டு நின்றதால் அடக்கிக்கொண்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஊர்ச் சேதி. உங்கள் தெருவில் மூன்றாவது வீட்டுக்கும் டிவி வந்துவிட்டது. ஆன்டெனாக் கம்பம் நிற்காமல் சாய்ந்துகொண்டே இருக்கிறதாம். அந்தோணி இருந்தால் அரை மணி நேரத்தில் முடித்திருப்பான் என்று அந்த வீட்டுக்காரர் என்னிடமே சொன்னார். ஊர் உன்னை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறது. ஐப்பசி பிறக்கும்வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

உரக்கடையில் நாள் முழுக்க பில் போடுகிற ஒரு மனிதன், வீட்டுக்குப் பின்னால் தகரம் வேய்ந்து இப்படி ஒரு பட்டறை வைத்திருக்கிறான் என்று என் வீட்டுக்காரரைக் கல்யாணம் முடிந்த புதிதில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேனே, ஞாபகம் இருக்கிறதா? சுவர் நீளத்துக்குப் பலகை. ஒவ்வொரு சாமானுக்கும் அதன் உருவத்தைக் கறுப்புப் பெயின்டில் வரைந்து, அதன் மேலேயே அதை மாட்டியிருந்தாய். உளிகள் சின்னதிலிருந்து பெரிதாக வரிசையாக நிற்கும். ஒரு அரத்தின் பல்லில்கூடத் தூசி இருக்காது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால், நீ சாணைக்கல்லில் உளி தீட்டுவதைப் பார்த்துக்கொண்டு கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருப்பேன். தீட்டி முடித்ததும் முன்கையில் ஒரு இழு இழுத்துக் காட்டுவாய், ரோமம் உதிரும். இவ்வளவு சாமான் எப்படிச் சேர்ந்தது என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. நீ சேர்த்தாய் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

நீ போன முப்பதாம் நாள் பூசைக்கு வந்தபோது ரசமட்டத்தைக் காணோம். வரைந்த கோடு மட்டும் பலகையில் இருந்தது. கோட்டுக்குள்ளே பென்சிலில் பொடி எழுத்தில் 'கன்னியப்பன், வல்லம்' என்று இருந்தது. அண்ணியிடம் கேட்டேன். ஒருத்தர் கேட்டார், கொடுத்துவிட்டேன் என்றார், முகத்தைப் பார்க்காமல்.

அடுத்த மாதம் பெரிய ரம்பம் இல்லை. அங்கே காணை ஊர்க்காரர் ஒருவரின் பெயர். அதற்கடுத்து இழைப்புளி. 'ஏழுமலை, திண்டிவனம்.' எனக்குச் சுருக்கென்றது. வாங்கிப் போனவர்களின் பெயரைக் குறித்து வைத்துக்கொண்டு அண்ணி ஒவ்வொன்றாக விற்கிறார் என்று முடிவு கட்டினேன். உன் உடம்பு மண்ணில் ஆறவில்லை, அதற்குள் இப்படியா என்று இருந்தது.

அதன் பிறகு நான் செய்ததை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் கொள்ளாமல் வார நாளில் போய் நின்றேன். பக்கத்து வீட்டில் விசாரித்தேன். ஒரு ஆள் சைக்கிள் கேரியரில் கோணிச் சுருட்டோடு உங்கள் சந்திலிருந்து வந்ததைப் பார்த்து, மெயின் ரோடு வரை அவன் பின்னாலேயே நடந்தேன். அண்ணி பட்டறைக்குப் பூட்டுப் போட்டு, சாவியைத் தாலிக்கொடி கிடந்த இடத்தில் ஒரு நூலில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். அதைப் பார்த்த பிறகு எனக்குச் சந்தேகம் என்று ஒன்று இல்லை, உறுதியே ஆகிவிட்டது. என் வீட்டுக்காரர், அது அவங்க வீட்டுச் சாமான், நமக்கென்ன என்றார். அவரோடும் ரெண்டு நாள் பேசவில்லை.

ஐப்பசி முதல் வாரம் அவர் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் பெஞ்சு ரிப்பேர் நடந்தது. சோறு கொண்டுபோன நான் வராந்தாவிலேயே நின்றுவிட்டேன். தச்சர் கையில் உன் இழைப்புளி. விரிசல் விட்ட பக்கத்தில் நீ பித்தளைத் தகடு பதித்து நாலு ஆணி அடித்தாயே, நான் வாளிமேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அன்று. அதே தகடு.

பெயர் கேட்டேன். ஏழுமலை என்றார். ஆள் அகப்பட்டான் என்று நினைத்து, விழுப்புரத்தில் ஒரு அம்மாவிடம் இதை வாங்கினீர்களா என்று அதிகாரமாகவே கேட்டேன்.

"வாங்கலம்மா. இது என்னுது," என்றார். "உரக்கடை அந்தோணி சார், தீட்டித் தர்றேன், ரெண்டு நாள்ல வந்து எடுத்துக்கினு போன்னாரு. நாலு வருஷம் ஆச்சு. போறப்பல்லாம் தேடிக்கினு இருக்கேன், கெடைக்கலன்னே சொல்வாரு. போன மாசம் அவரு சம்சாரம் பஸ்ஸுல வந்து குடுத்துட்டு, கையெடுத்துக் கும்புட்டுட்டுப் போச்சு."

நான் நம்பவில்லை. பொய் சொல்கிறார் என்றுதான் பட்டது. அவர் ஆப்பைத் தட்டிப் பிளேடைக் கழற்றி, உள்ளே மரத்தில் குடைந்திருந்த 'ஏ' எழுத்தைக் காட்டினார். பழைய குடைவு, அழுக்கேறிக் கறுத்திருந்தது. உன் தகட்டைத் தடவிக்கொண்டே, வேலை சுத்தமாகச் செய்திருக்கிறார், இப்போது முன்னைவிட நன்றாக இழைக்கிறது என்றார். பிறகு, இது இல்லாமல் நாலு வருஷம் அடுத்தவரிடம் கேட்டு வாங்கி வேலை செய்ததையும் சொன்னார். அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அப்படியே விழுப்புரத்துக்கு பஸ் ஏறினேன். திண்டிவனம் வரை வந்த அண்ணி என் வீட்டுக்கு வராமல் திரும்பியிருக்கிறாரே என்பதுதான் விக்கிரவாண்டி தாண்டும்வரை மனசில் ஓடியது. அதற்குப் பிறகு ஓடியது வேறு. அதை நினைக்கவே பயமாக இருந்தது.

அண்ணி எதையும் மறுக்கவில்லை. பூட்டைத் திறந்து என்னைப் பலகை முன்னால் நிறுத்தினார். காலியாக இருந்த கோடுகள் ஏழெட்டு. ஒவ்வொன்றிலும் ஒரு பெயர்.

"நல்லாப் பாரு ஜெசிந்தா. இது யாரு கையெழுத்து?"

பார்த்தேன். நீ 'ழ' போட்டால் வால் கீழே இறங்கிச் சுழித்துக்கொள்ளும். உரக்கடை பில்லில் எத்தனை முறை பார்த்திருக்கிறேன். ஏழுமலையின் 'ழ' அப்படியே இருந்தது. சாமானை மாட்டுவதற்கு முன்னால், அது யாருடையது என்று எழுதி, அந்தப் பெயரை அந்தச் சாமானாலேயே மூடியிருக்கிறாய்.

"நீ என்னைச் சந்தேகப்பட்டுக்கினு இருக்கறது எனக்குத் தெரியும்," என்றார் அண்ணி. "இருந்துட்டுப் போவுதுன்னு வுட்டேன். உங்கண்ணனைப் பத்தி உனக்கு வேற மாதிரி தெரிய வேணாம்னுதான்."

அண்ணா, பூட்டு அதற்குத்தான். என்னிடமிருந்து அந்தப் பலகையை மறைக்கத்தான்.

ஏன் செய்தாய்? அண்ணி ஒரு தடவை கேட்டாராம். அவனுங்ககிட்ட இருந்தா துருப்பிடித்துப் போய்விடும் என்றாயாம். அது ஒரு பதிலா? வல்லத்துக் கொத்தனார் ரசமட்டம் இல்லாமல் எத்தனை சுவருக்கு அடுத்தவர் கையை எதிர்பார்த்து நின்றிருப்பார்? திருப்பிக் கொடுக்கும் எண்ணம் இல்லையென்றால் பெயரை எதற்கு எழுதினாய்? எண்ணம் இருந்தது என்றால் அதை எதற்கு மூடினாய்? என் கல்யாணத்துக்கு நீ இழைத்துக் கொடுத்த மர அலமாரியைப் போன வாரம் முழுக்கத் திறந்து திறந்து பார்த்தேன், அதன் பலகைக்குப் பின்னால் யார் பெயராவது இருக்கிறதா என்று. இல்லை. ஆனாலும் தேடினேன் இல்லையா? அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

மீதி இருந்தவற்றில் சிலதை அண்ணியும் நானும் சேர்ந்து கழற்றினோம். பாதிக்குமேல் பெயர் இல்லாதவை. அவை நீ வாங்கியவை, உன்னுடையவை. அதைப் பார்த்து நான் அழுதேன். அவற்றை விற்கப் போவதில்லை என்று அண்ணி சொல்லிவிட்டார்.

கடைசியாக, பைப்புக்கு மரை வெட்டுகிற டை செட். பெட்டியோடு இருந்தது. அதன் பின்னால் 'கலியபெருமாள், கண்டமங்கலம்.' அண்ணி அதைத் தொடவே இல்லை. கலியபெருமாள் பம்புசெட் மெக்கானிக்காம். தேடிக்கொண்டு வீட்டுக்கே வந்தவரிடம், அவருடைய மச்சான் அன்றைக்கே எடுத்துக்கொண்டு போய்விட்டாரே என்று நீ சொன்னாயாம். அண்ணி அடுப்படியில் நின்று கேட்டிருக்கிறார். அதன் பிறகு கலியபெருமாள் தன் மச்சானைத் திருடன் என்று சொல்லி, சேர்ந்து பார்த்த தொழிலைப் பிரித்துக்கொண்டாராம். ரெண்டு குடும்பமும் நல்லது கெட்டதுக்குக்கூடப் போவதில்லையாம். உரக்கடைக்கு வந்தவர்கள் பேசிக்கொண்டது உன் காதிலும் விழுந்திருக்கும். அதற்குப் பிறகும் அந்தப் பெட்டியைத் திறந்து எண்ணெய் போட்டாயே அண்ணா, உன் கை கூசவில்லையா?

இந்த ஒன்றை மட்டும் என்னால் முடியாது, அந்த வாசலில் நின்று என்ன சொல்வது என்று அண்ணி அழுதார். நான் சொல்கிறேன் என்றேன். முதலில் யார் வீட்டுக்குப் போவது என்று கேட்டேன்.

"மச்சான்காரர் வீட்டுக்கு," என்றார் அண்ணி.

வருகிற ஞாயிறு பூசை முடிந்து நாங்கள் ரெண்டு பேரும் கண்டமங்கலம் வழியாகப் போகிற பாண்டி பஸ் ஏறுகிறோம். அந்த மனிதரிடம் அவர் திருடவில்லை என்பதை அவர் பெண்டாட்டி பிள்ளைகள் கேட்கச் சொல்வேன். பிறகு அவரையும் கூட்டிக்கொண்டு கலியபெருமாள் வீட்டுக்குப் போய்ப் பெட்டியை வைப்பேன். உன் பெயரைச் சொல்லித்தான் வைப்பேன். யார் என்று கேட்டால், அந்தோணியின் கூடப் பிறந்தவள் என்பதையும் மறைக்க மாட்டேன். இது சத்தியம்.

என்றும் உன் ஒரே தங்கை,
ஜெசிந்தா