அப்பா விரதம் இருக்கவில்லை

அப்பா,

நம் வீட்டுச் சந்து முனையில் கறியைக் குச்சியில் குத்திச் சுட்டு விற்கும் சாத்தே கடை ஒன்று புதிதாக வந்திருக்கிறது. நேற்றுச் சாயங்காலம் கரியடுப்பில் கொழுப்பு சொட்டி எழுந்த புகை, வேறு வீடே கிடைக்காத மாதிரி, நேராக நம் கூடத்துக்குள் நுழைந்தது. நான் பாடப்புத்தகத்தைப் போட்டுவிட்டு ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினேன். காற்றாடியை முழு வேகத்தில் சுற்றவிட்டேன், ஊதுபத்தி தேடினேன். ‘சாத்தே வந்தால் சாத்து’ என்பது நம் வீட்டுச் சட்டம், இயற்றியவள் நான். எல்லாம் முடிந்த பிறகுதான் உறைத்தது, இனி யாருக்காகவும் சாத்த வேண்டியதில்லை என்று.

அம்மா சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “தொறந்து வுடு லா, காத்து வரட்டும்,” என்றார். நான் திறக்கவில்லை. அவரும் திறக்கவில்லை.

லகாட்டில் அந்த வரிசை வீடு எரிந்ததே, அதற்குப் பிறகுதான் நீங்கள் கறியை நிறுத்தினீர்கள். போம்பாவில், தீயணைப்புப் படையில், அத்தனை வருடம் இருந்த உங்களுக்குத் தீ ஒன்றும் புதிதல்ல. ஆனால் அந்த வீட்டிலிருந்து நீங்கள் தூக்கி வந்தவர்களில் ஒருவருக்கும் உயிர் இல்லை. அன்று வீட்டுக்கு வந்தும் உள்ளே வராமல், ஹெல்மெட்டைக் கழற்றாமல், மோட்டார் சைக்கிளிலேயே உட்கார்ந்திருந்தீர்கள். அடுத்த வாரம் ஒரு கல்யாண விருந்தில் அத்தை உங்கள் இலையைப் பார்த்துவிட்டார்.

“என்ன அண்ணே, கறி வேணாமா? சாமியாராப் போறீங்களா?”

“ஆமா தங்கச்சி. தீய அணைச்சு அணைச்சு, உள்ள ஞானம் பத்திக்கிச்சு.”

பந்தியே சிரித்தது. ‘போம்பா சுவாமிகள்’ என்று அங்கேயே நான் பட்டம் சூட்டினேன். பக்தர்களுக்குத் தீர்த்தம் குழாய் வழியாகப் பீய்ச்சப்படும், முன்வரிசையில் நிற்பவர்கள் பல்லைக் கையில் பிடித்துக்கொள்ளவும் என்று அறிவிப்பும் செய்தேன். நீங்கள் எழுந்து நின்று எல்லோருக்கும் ஆசி வழங்கினீர்கள். கோயிலில் உங்களுக்கு மரியாதை கூடிப்போனது. குடும்பமே பூரித்தது. கறியைப் பார்த்தால் உங்களுக்கு என்ன தெரிகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. விரதம் என்றால் நம்மவர்கள் காரணம் கேட்க மாட்டார்கள், கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

அம்மாவுக்கு மட்டும் தெரிந்திருந்தது. நீங்கள் உட்கார்ந்தபடியே தூங்குவதும், பக்கத்து வீட்டுத் தொலைபேசி அடித்தாலும் எழுந்து பூட்ஸைத் தேடுவதும். அவர்தான் உங்களைப் பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார். மனநல டாக்டர் நோயின் பெயரைச் சொன்னார்: பி.டி.எஸ்.டி. பயங்கரத்தைப் பார்த்தவர்களின் மனம் அந்த இடத்தைவிட்டு நகராமல் நின்றுவிடுவது. வீட்டுக்கு வந்ததும் என்னிடம், “எஸ்.பி.எம். பரீட்சையில ஒரு ஏ கூட வாங்கல. இப்பப் பாரு, ஒரே டெஸ்ட்ல நாலு எழுத்து வாங்கிட்டேன்,” என்றீர்கள். நானும் கைதட்டினேன்.

அதன் பிறகு மருத்துவ வாரியம். இந்த நோய் வேலையால் வந்தது என்று அவர்கள் ஒத்துக்கொண்டால் அதற்கென்று ஓய்வூதியம் உண்டு, பிறகு அது அம்மாவுக்கும் தொடரும். ஒத்துக்கொள்ளாவிட்டால், தானாகவே கெட்டுப்போன ஆள் என்று பெயராகிவிடும். போவதற்கு முதல் நாள் அம்மா உங்களை உட்கார வைத்து, “அங்க போயி பகடி பண்ணாதீங்க. உள்ளத உள்ளபடி சொல்லுங்க,” என்றார். சரி சரி என்று தலையாட்டினீர்கள்.

மறுநாள் சீருடையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு போனீர்கள். தூக்கம் எப்படி என்று டாக்டர் கேட்டாராம். “எனக்குப் பிரச்சனை இல்ல டாக்டர், என் கொறட்டையில என் வைஃப்தான் தூங்கறதில்ல.” மூன்று டாக்டர்களும் சிரித்தார்களாம். வேலையில் ஏதாவது தொந்தரவு? “எல்லாம் ஓகே, டாக்டர்.” இதை அம்மா என்னிடம் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. இப்போது புரிகிறது. எரிந்த கட்டடத்துக்குள் போய் வந்து, வெளியே நிற்பவர்களைப் பார்த்து ‘எல்லாம் ஓகே’ என்று சொல்வதுதானே உங்கள் பிழைப்பு. சீருடை போட்டால் வாயில் வேறு என்ன வரும்?

‘கலகலப்பானவர், வேலையோடு தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை.’ அதுதான் முடிவு. உடல்நலக் காரணம் என்று பொதுவாகச் சொல்லி ஓய்வு கொடுத்தார்கள். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு இங்கே செமோருக்கு வந்தோம். தாத்தா ரப்பர் பால்மரம் வெட்டிப் பிழைத்த தோட்டம். இப்போது ஒரு மரமும் இல்லாத தாமான், வெறும் வீட்டு வரிசைகள். மேல்முறையீடு செய்தீர்கள். விசாரணைக்கு அழைப்பு வருவதற்குள் ஒரு காலையில், குளித்துவிட்டு வந்து துண்டைக் காயப்போடும்போது, உங்கள் இதயம் நின்றுவிட்டது.

கருமாதி முடிந்ததும் அம்மா சொன்னார், “விட்டுருவோம்மா. ஆளே போயாச்சு, இனிமே எதுக்கு?”

“ஆளு போனதாலதான்மா. இனிமே யாரும் உள்ள பூந்து ஜோக் அடிச்சுக் கெடுக்க முடியாது.”

அம்மா அழுதுகொண்டே சிரித்தார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

சாட்சி வேண்டும் என்றார்கள். லகாட்டில் அந்த வீட்டுக்குள் உங்களோடு போன, உங்கள் நிலையத்துக் குணா அங்கிளைத் தேடி ஈப்போவில் அவர் வீட்டுக்குப் போனேன். கேட்டைத் திறக்கும்போதே, “நீ எதுக்கு வந்திருக்கன்னு தெரியும். என்னால முடியாது லா,” என்றார்.

“நான் இன்னும் வாயே தொறக்கல அங்கிள்.”

“ஒன் வாயப் பத்தியும் தெரியும். இங்க பாரு, அவனுக்கு மனசு சரியில்லன்னு நான் போயிச் சொன்னா, அடுத்து என்னையக் கேப்பாங்க. நீயும்தானே உள்ள போன, நீ எப்படின்னு. எனக்குப் பதவி உயர்வு வர்ற நேரம்.”

அப்போது அவர் மனைவி தட்டில் ரொட்டியும் பருப்பும் கொண்டு வந்தார். “சாப்புடு. கறிக்குழம்பு கேக்காத, எங்க வீட்டுல சமைக்கறதில்ல. லகாட்டுல தப்பிச்சு வந்ததுக்கு ஒங்க அங்கிளுக்கு வேண்டுதல். முருகனுக்குக் குடுத்த வாக்கு.”

நான் குணா அங்கிளைப் பார்த்தேன். அவர் தட்டைப் பார்த்தார். நூறு ஜோக் வரக்கூடிய இடம் அப்பா. எனக்கு ஒன்றுகூட வரவில்லை.

“அப்பாவும் கறிய நிறுத்தினாரு. விரதம்னுதான் எல்லாரும் நெனச்சோம்,” என்றேன்.

அங்கிள் மனைவி பக்கம் திரும்பினார். “அது வேண்டுதல் இல்ல,” என்றார். “அந்த வாட வந்தா எனக்கு அந்த வீடுதான் தெரியுது.” ஒரு கையால் கண்ணை மூடிக்கொண்டார். மனைவி தட்டைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் விடைபெறாமல் வந்துவிட்டேன்.

விசாரணை நாளன்று அவர் வருவாரா என்று தெரியாமல்தான் போனேன். வந்தார், சீருடையில் அல்ல, சாதாரணச் சட்டையில். நடந்ததைச் சொன்னார். அன்று வீட்டுக்குள் நீங்கள் என்ன செய்தீர்கள், வெளியே வந்து எங்கே உட்கார்ந்தீர்கள், அதற்குப் பிறகு நிலையத்தில் யாரும் அதைப் பற்றி ஏன் பேசவில்லை, எல்லாம். அவர் பயந்த கேள்வியும் வந்தது: “நீங்க எப்படி இருக்கீங்க?” “நல்லா இல்ல, என்சிக்,” என்று அதிகாரியைப் பார்த்துச் சொன்னார். அந்த அறையில் யாரும் சிரிக்கவில்லை.

நானும் பேச வேண்டும் என்றேன். பிள்ளைகள் பேச வேண்டாம் என்று ஓர் அதிகாரி தடுத்தார். வாசலிலிருந்தே திரும்பிப் போய்விடலாம் என்றிருந்த அம்மா எழுந்து நின்றார். மலாய் பேசத் தயங்குகிற அம்மா, மலாயிலேயே சொன்னார்: “அவரோட ஒரே வீட்டுல இருந்தவ இவ. இவ பேசுவா.”

நான் சொன்னது இதுதான். “என் அப்பா கலகலப்பானவருன்னு போட்டிருக்கீங்க. அவரு நல்லா இருந்த நாள்ல அவ்வளவு ஜோக் அடிக்க மாட்டாரு. நான் அவரு மக, நானும் அப்படித்தான். பயம் வந்தா எங்க ரெண்டு பேருக்கும் வாய் நீளும். அன்னிக்கு அவரு ஒங்ககிட்ட எத்தன ஜோக் சொன்னாரோ, அவ்வளவு பயந்திருந்தாரு.” எல்லாவற்றையும் சொல்லி முடித்துத்தான் உட்கார்ந்தேன்.

முடிவு இன்னும் வரவில்லை. காத்திருக்கச் சொல்லியிருக்கிறார்கள். இல்லை என்று வந்தால் அதற்கு மேலேயும் ஒரு இடம் இருக்கிறது. அங்கேயும் போவோம் என்று அம்மாவே சொல்லிவிட்டார். குணா அங்கிள் பெரியாஸ்பத்திரிக்குப் போக ஆரம்பித்துவிட்டார். அவர் மனைவியும் கூடப் போகிறார்.

போன வாரம் செமோர் கோயிலில் ஒரு பெரியம்மா, அன்னதானத்தில் பரிமாறிக்கொண்டிருந்த அம்மாவிடம், “நெஞ்சு வலியாமே, பாவம். நல்ல பக்திமான்,” என்றார். பந்தியில் பாதிப் பேர் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார்கள். அம்மா சாம்பார் வாளியை நிதானமாகக் கீழே வைத்தார். “நெஞ்சு நின்னது கடைசியில,” என்றார். “அதுக்கு முன்னாடியே அவருக்கு நோய் இருந்துச்சு. வேலையில வந்த நோய்.”

பள்ளியில் யாராவது கேட்டால் நானும் அதையே சொல்கிறேன், அப்பா. முன்னாலும் பின்னாலும் நான் என்ன வேண்டுமானாலும் உளறுவேன், உங்களுக்குத் தெரியும். ஆனால் இந்த ஒரு வரியில் மட்டும் ஜோக் சேர்ப்பதில்லை.